முழங்கால் தேய்மானமும் தடுமாற்றமும்: விழாமல் நடமாட ஒரு முழுமையான வழிகாட்டி

கும்பகோணம் பக்கம் ஒரு வீட்டுக்குப் பிசியோதெரபி கொடுக்கப் போயிருந்தேன். அந்த அம்மாவுக்கு 68 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். அவர் எழுந்து வருவதற்குள் என் கண் சுவரில் போய் நின்றது. இடுப்புக்குச் சற்று மேலே, அறைக் கதவிலிருந்து பாத்ரூம் வரைக்கும் எண்ணெய்ப் பிசுக்கோடு கை பட்ட தடம். பாத்ரூம் நிலைப்படி அருகே மட்டும் ஐந்து விரலும் தெரிகிற அளவுக்குக் கறுத்திருந்தது.

"என்னம்மா பாக்குறே? பெயிண்ட் அடிச்சு ரெண்டு வருஷம்தான் ஆகுது, அதுக்குள்ள அழுக்காயிடுச்சு" என்றார்.

"நடக்கும்போது தடுமாறுதாம்மா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. வலிதான்."

அவர் மறைக்கவில்லை. தன் கை சுவரைத் தேடுவது அவருக்கே தெரியாது. மூட்டு வலி என்று வருகிற பெரும்பாலானவர்கள் இப்படித்தான். வலியைப் பற்றி மணிக்கணக்கில் சொல்வார்கள், தடுமாற்றத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். வீட்டில் உள்ளவர்களும் கவனிப்பதில்லை. ஒரு நாள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான் விஷயம் தெரியவருகிறது. அதனால்தான் வலியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, நிற்பது, நடப்பது, திரும்புவது, எழுவது பற்றி இதை எழுதுகிறேன்.

முழங்கால் தேய்ந்தால் நிதானம் ஏன் போகிறது?

'ஜவ்வு தேஞ்சு போச்சு' என்று நாம் சொல்வது, தொடை எலும்பும் அதற்குக் கீழே உள்ள கணைக்கால் எலும்பும் உரசாமல் காக்கும் வழவழப்பான குருத்தெலும்பு மெலிந்துபோவதைத்தான். ஆனால் கோளாறு அதோடு நிற்பதில்லை.

முதலில் அடிபடுவது தொடையின் முன்பக்கத் தசை. மூட்டுக்குள் கொஞ்சம் நீர் கோத்தாலும், வலி இருந்தாலும், அந்தத் தசைக்குப் போகும் கட்டளையை நரம்பு மண்டலமே குறைத்துவிடுகிறது. தசைக்கு வலு இருந்தாலும் முழுசாக இழுக்காது. நடந்துகொண்டிருக்கும்போது 'திடீர்னு கால் மடங்கிருச்சு' என்று பலர் சொல்வதற்கு இது முக்கியமான காரணம். வலிக்கிறதே என்று நடையைக் குறைத்தால் தசை நிஜமாகவே மெலிந்து, மூட்டுக்கு மேலும் சுமை ஏறுகிறது.

இரண்டாவது, மூட்டின் உணர்வு. கண்ணை மூடிக்கொண்டு முழங்காலை மடக்கினாலும் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று நமக்குத் தெரியும். மூட்டுறையிலும் தசைநார்களிலும் தசையிலும் இருக்கிற நரம்பு முனைகள்தான் அதைச் சொல்கின்றன. தேய்ந்த மூட்டில் இந்தத் தகவல் மங்கிப்போகிறது. அதனால் உடம்பு கண்ணை அதிகமாக நம்பத் தொடங்குகிறது. கரண்ட் போனாலோ, இரவில் விளக்கில்லாமல் எழுந்தாலோ அதிகமாகத் தடுமாறுவது இதனால்தான்.

மூன்றாவது, மடங்கும் அளவு குறைவது. சமதளத்தில் நடக்க முழங்கால் சுமார் 60 டிகிரி மடங்கினால் போதும். படி ஏறி இறங்க, நாற்காலியிலிருந்து எழ 90 டிகிரி பக்கம் வேண்டும். குந்தி உட்கார 130 டிகிரிக்கும் மேல். நன்றாக நடக்கிறவர் இந்தியன் டாய்லெட்டில் மாட்டிக்கொள்வது இதனால்தான். பலருக்கு உள்பக்கம் அதிகமாகத் தேய்ந்து கால் வில் போல வளைகிறது. உடம்பின் பாரம் நடுவில் விழாமல், ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு பக்கவாட்டில் சாய்கிறது. தாத்தா பாட்டிகளின் அந்த 'ஆடி ஆடி' நடை வயசால் வந்தது என்றே நினைத்துவிடுகிறோம்.

முதல் படி: ஒரு நாள் முழுக்கக் கையைக் கவனியுங்கள்

காலைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். அம்மாவோ அப்பாவோ காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை எங்கெல்லாம் கை எதையாவது தொடுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கட்டில் விளிம்பு, கதவுப் பிடி, அடுப்பு மேடை, ஃபிரிட்ஜ், வாஷ்பேசின், துண்டு போடும் கம்பி. அந்தப் பட்டியல்தான் உங்கள் வீட்டின் ஆபத்து வரைபடம். கை தேடும் இடத்தில் உடம்பு நிதானத்தை இழக்கிறது என்று அர்த்தம். அங்கெல்லாம் உறுதியான பிடி இருக்கிறதா, ஆடுகிற பொருள் இருக்கிறதா என்று பாருங்கள். வாஷ்பேசினும் துண்டுக் கம்பியும் ஆள் பாரத்தைத் தாங்காது, கையோடு பெயர்ந்து வந்துவிடும்.

இரண்டாம் படி: மூன்று சின்னச் சோதனைகள்

பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். சறுக்குகிற பிளாஸ்டிக் சேர் வேண்டாம்.

எழுந்து உட்காரும் சோதனை: சுமார் 17 அங்குல உயர நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை நெஞ்சின் குறுக்கே வைத்துக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து நிற்க முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதில் ஆண்களுக்கு 14, பெண்களுக்கு 12 முறைக்குக் கீழே போனால் குறைவு. 70 முதல் 74 வயதில் அந்த எல்லை 12, 10. கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை என்றால் கணக்கு பூஜ்யம். அதற்காக மனம் தளர வேண்டாம், நான் பார்க்கும் பலர் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

நடைச் சோதனை: நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்கார 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் அபாயம் கூடுதல். நேரத்தைவிட, திரும்பும் இடத்தைக் கூர்ந்து பாருங்கள். அங்கே எத்தனை அடி வைக்கிறார், கை காற்றில் எதையாவது தேடுகிறதா?

நிற்கும் சோதனை: அடுப்பு மேடைக்குப் பக்கத்தில், ஒரு காலின் குதிகால் மற்ற காலின் விரலைத் தொடும்படி ஒரே கோட்டில் நிற்க வேண்டும். 10 விநாடி நிற்க முடியாவிட்டால் நிதானம் குறைந்திருக்கிறது.

தேதி போட்டுக் குறித்து வையுங்கள். இரண்டு மாதம் கழித்து ஒப்பிட வேண்டும்.

மூன்றாம் படி: நாற்காலியிலிருந்து எழுவதைத் திருத்துங்கள்

ஒரு நாளில் அதிகமுறை செய்கிற வேலை இது. வலிக்குப் பயந்து காலை முன்னால் நீட்டிக்கொண்டு, கைப்பிடியை இழுத்து, ஒரே மூச்சில் எழுவார்கள். பாரம் பின்னால் இருப்பதால் பொத்தென்று மறுபடியும் உட்கார்ந்துவிடுவார்கள்.

சரியான முறை இது. இருக்கையின் நுனிக்கு நகருங்கள். பாதங்களை முழங்காலுக்கு நேர் கீழே, முடிந்தால் சற்றுப் பின்னால், இடுப்பளவு அகலத்தில் வையுங்கள். மூக்கு கால் விரலுக்கு மேலே வரும்வரை உடம்பை முன்னால் சாயுங்கள். அப்புறம் கைப்பிடியைக் கீழே அழுத்தி எழுங்கள், இழுக்காதீர்கள். எழுந்த உடனே நடக்காமல் மூன்று வரை எண்ணுங்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மூன்று எண்ணிக்கை மிக முக்கியம்.

வீட்டிலிருக்கும் தாழ்வான சோபா இவர்களுக்கு எதிரி. புழங்கும் நாற்காலியின் உயரத்தை மூன்று நான்கு அங்குலம் கூட்டினாலே முழங்கால் மடங்கும் அளவும் சுமையும் குறையும். கெட்டியான பஞ்சுத் திண்டு ஒன்று போதும்.

நான்காம் படி: பாத்ரூம்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நம் பாத்ரூம்களின் தரை வீட்டுத் தரையைவிடத் தாழ்ந்திருக்கும். ஆக, ஒரு காலில் நின்று இறங்க வேண்டும். இறங்கும் இடம் ஈரம். பெரும்பாலும் கதவுக்குப் பக்கத்தில் பிடிக்க எதுவும் இருக்காது. கும்பகோணத்து அம்மாவின் சுவரில் ஐந்து விரலும் பதிந்திருந்தது அந்த இடத்தில்தான். அங்கேயே, அந்தத் தடத்தின் மேலேயே, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடி ஒன்றைச் செங்குத்தாகப் பொருத்தச் சொன்னேன். எங்கே பொருத்துவது என்று அளவெடுக்கத் தேவையே இருக்கவில்லை. டைல்ஸ்மேல் ஒட்டும் வகை வேண்டாம். சுவரில் துளை போட்டு ஸ்க்ரூ முடுக்கியதாக இருக்க வேண்டும்.

கமோடு பக்கத்தில் இன்னொரு பிடி. இந்தியன் டாய்லெட்தான் இருக்கிறது, மாற்ற வசதியில்லை என்றால், அதன்மேல் போட்டுக்கொள்ளும் நடுவில் துளையுள்ள கமோடு சேர் மருந்து உபகரணக் கடைகளில் கிடைக்கும். கால்களில் ரப்பர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

குளிப்பது உட்கார்ந்துதான். தாழ்வான மணை வேண்டாம், நாற்காலி உயரத்தில் இருக்கட்டும். வாளியைக் கீழே வைத்துக் குனிந்து குனிந்து மொள்ளாமல், ஒரு ஸ்டூலின்மேல் வையுங்கள். எண்ணெய்க் குளியல் நாளில் எண்ணெயை வெளியிலேயே தேய்த்து, உள்ளங்காலைத் துணியால் அழுத்தித் துடைத்த பிறகே உள்ளே போக வேண்டும். எண்ணெய்க் காலோடு ஈர டைல்ஸில் கால் வைத்தால், நல்ல முழங்கால் உள்ளவருக்கே பிடிமானம் இருக்காது.

தாழ்ப்பாள் போட வேண்டாம், கதவைச் சாத்தினால் போதும். கூச்சமாக இருந்தால் வெளியே ஒரு துண்டைத் தொங்கவிட்டு அடையாளம் வைத்துக்கொள்ளலாம். உடை மாற்றுவது ஒற்றைக் காலில் நின்றபடி வேண்டவே வேண்டாம், பாவாடையோ பேன்ட்டோ, உட்கார்ந்து போடுங்கள். புடவையையும் நைட்டியையும் தரையிலிருந்து நான்கு விரல் மேலே நிற்கும்படி கட்டினால் கால் மாட்டாது.

ஐந்தாம் படி: மாடிப்படியும் வாசற்படியும்

ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். இதை வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஏறும்போது மேல் படியில் இருக்கும் கால்தான் உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது மேலே நிற்கிற கால்தான் மடங்கிக்கொண்டே உடம்பை மெதுவாக இறக்குகிறது. இரண்டு வேலையும் நல்ல காலுக்குத்தான்.

புது வீட்டுக்கும் நல்ல காரியத்துக்கும் வலது காலை எடுத்து வைத்தே பழகியவர்கள் நாம். வலது முழங்கால் மோசமாக இருப்பவர் உயரமான வாசற்படியில் அப்படி ஏறும்போது தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். இடது காலால் படி ஏறிவிட்டு, உள்ளே நுழைகிற அடியை மட்டும் வலது காலால் வைத்தால் மனசுக்கும் நிறைவு, முழங்காலுக்கும் நல்லது.

இரண்டு காலும் வலித்தால் கைப்பிடியைப் பார்த்தபடி பக்கவாட்டில் திரும்பி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்குங்கள். கடைசிப் படியில் தவறுபவர்கள் அதிகம், அதன் விளிம்பில் பளிச்சென்ற நிறத்தில் பெயிண்ட் ஒரு பட்டை அடித்து வையுங்கள்.

ஆறாம் படி: சமையலறையில் திரும்புவது

குக்கர் விசில் அடிக்கும், அதே நேரம் வாசலில் யாரோ கூப்பிடுவார்கள். பாதம் ஊன்றியபடியே இருக்க, முழங்காலை முறுக்கி உடம்பு மட்டும் சட்டென்று திரும்பும். தேய்ந்த மூட்டுக்கு மிகவும் பிடிக்காத அசைவு இதுதான். ஒரே இடத்தில் நின்று சுழலாமல், கடிகார முள் நகர்வதுபோல நான்கைந்து சின்ன அடி வைத்துத் திரும்பப் பழகுங்கள். ஒரு வாரம் வாய்விட்டு எண்ணிக்கொண்டே திரும்பினால் பழக்கம் வந்துவிடும்.

சூடான பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நடந்தால் பிடிக்கக் கை மிச்சம் இருக்காது, கீழே பார்க்கவும் முடியாது. மேடைமேலேயே நகர்த்துங்கள். அரிசி டப்பா, எண்ணெய்க் கேன் போன்று தினம் எடுப்பவற்றை இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். சாக்குக் கால்மிதியை எடுத்துவிட்டு, அடியில் ரப்பர் உள்ளதைப் போடுங்கள்.

ஏழாம் படி: கோலம், கோயில், பஸ்

மார்கழியில் விடியும் முன்பே எழுந்து கோலம் போடாதே என்று ஒரு அம்மாவிடம் சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. அது அவருடைய சந்தோஷம். ஆனால் விறைத்த மூட்டோடு இருட்டில், நீர் தெளித்த தரையில் நிற்பது ஆபத்து. படுக்கையிலேயே ஒவ்வொரு முழங்காலையும் இருபது முறை மடக்கி நீட்டிவிட்டு எழட்டும். வாசல் விளக்கைப் போட்டு, நீர் உலரும்வரை காத்திருக்கட்டும். கால்களை அகட்டி, ஒரு கையில் தடியோ திண்ணையோ பிடித்துக்கொண்டு போடக்கூடிய சின்னக் கோலமாக இருக்கட்டும்.

கோயிலில் அபிஷேக நீர் வழிகிற கல் தரையும் உயரமான நிலைப்படியும்தான் சவால். கல் நிலையைப் பிடித்து, பக்கவாட்டில் திரும்பித் தாண்டுங்கள். தரிசனம் முடிந்து தரையில் உட்காருவதற்குப் பதில் மண்டபத் திண்ணையில் உட்காரலாம்.

பஸ்ஸில் ஏறியதும் உட்கார்ந்த பிறகு வண்டியை எடுக்கச் சொல்லிக் கண்டக்டரிடம் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். இறங்கும் நிறுத்தம் வரும் முன்பே எழுந்து நிற்காதீர்கள். சென்னையில் 2024 ஆகஸ்ட் முதல் தாழ்தளப் பேருந்துகள் மறுபடி ஓடுகின்றன, அந்த வழித்தடம் கிடைத்தால் அதற்காகக் காத்திருப்பதில் தப்பில்லை.

எட்டாம் படி: தசைக்கு வேலை

பிடியும் விளக்கும் இன்றைக்குக் காப்பாற்றும். நாளைக்குக் காப்பாற்றுவது தொடைத் தசை. தேய்ந்த மூட்டை அசைத்தால் இன்னும் தேய்ந்துவிடும் என்பது தவறான பயம்.

படுத்துக்கொண்டு முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்தி 5 விநாடி பிடியுங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10 முறை, காலையும் மாலையும். ஒரு வாரம் கழித்து, நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பிடிப்பதைச் சேருங்கள். அடுத்து, உயரமான நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, முதலில் 5 முறை, போகப்போக 10. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது 10 முறை. தசைப் பயிற்சி வாரத்தில் மூன்று நாள் செய்தாலும் போதும்.

நிதானப் பயிற்சியைத் தினமும் செய்யலாம். பால் காயும் நேரத்தில் மேடையைப் பிடித்து, ஒரு பாதத்தைப் பாதி முன்னால் வைத்து நில்லுங்கள். பழகியதும் இரண்டு கை ஒரு கையாகட்டும், ஒரு கை ஒரு விரலாகட்டும். வலிக்கு ஒரு கணக்கு உண்டு. பயிற்சிக்குப் பின் முன்பைவிட அதிக வலி 2 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் மறுமுறை குறைத்துச் செய்யுங்கள், நிறுத்திவிடாதீர்கள். வித்தியாசம் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும்.

வெளியே போக முடியாதவர்களுக்குத் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கைத்தடி, செருப்பு, நீ கேப் (முழங்கால் உறை)

தடி வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் இருக்க வேண்டும். கிட்டத்தட்ட எல்லோரும் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள். அப்போது உடம்பு அந்தக் காலின் மேலேயே சாய்கிறது. செருப்புப் போட்டு நேராக நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் தடியின் பிடி இருக்க வேண்டும். தடியும் வலிக்கிற காலும் ஒன்றாக முன்னே போக, நல்ல கால் பின்தொடரும். அடி ரப்பர் தேய்ந்ததும் மாற்றுங்கள்.

வீட்டுக்குள்ளும் பின்பக்கம் பட்டை வைத்த, அடி தட்டையான செருப்பு நல்லது. நீ கேப் போட்டால் மூட்டுக்குக் கதகதப்பும் கொஞ்சம் தைரியமும் கிடைக்கும். தசைக்கு அது மாற்று இல்லை. தூங்கும்போது கழற்றிவிடுங்கள்.

உடல் எடையில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்குச் சுமார் 4 கிலோ சுமை குறைகிறது. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களும் கண்புரை உள்ளவர்களும் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். தூக்க மாத்திரை தடுமாற்றத்தைக் கூட்டும் என்பதையும், கடையில் தாமாக வாங்கித் தினமும் சாப்பிடும் வலி மாத்திரை வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பதையும் மருத்துவரிடம் பேசுங்கள்.

தள்ளிப்போடக் கூடாத நேரங்கள்: மூட்டு சிவந்து சூடாகி காய்ச்சலும் வந்தால், மூட்டு மடக்கவோ நீட்டவோ முடியாமல் பூட்டிக்கொண்டால், கெண்டைக்கால் வீங்கி வலித்தால், கால் அடிக்கடி மடங்கினால். காலை விறைப்பு அரை மணிக்குள் விடாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது தேய்மானம் இல்லாமல் முடக்குவாதமாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் வேறு.

விழுந்துவிட்டால்

உடனே எழப் பார்க்காதீர்கள். ஒரு நிமிஷம் அப்படியே கிடந்து, எங்கே வலிக்கிறது என்று கவனியுங்கள். இடுப்பிலோ தொடையிலோ கடும் வலி இருந்தால், ஒரு கால் குட்டையாகவோ வெளிப்பக்கம் திரும்பியோ தெரிந்தால், அசையாமல் உதவிக்குக் கூப்பிடுங்கள், 108ஐ அழைக்கச் சொல்லுங்கள். தலையில் அடிபட்டு, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையும் சாப்பிடுபவர் என்றால், வெளியே காயம் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அடி எதுவும் இல்லையென்றால் பக்கவாட்டில் புரண்டு, முழங்கையை ஊன்றி எழுந்து உட்காருங்கள். உறுதியான நாற்காலியை நோக்கித் தவழ்ந்து போய், தலையணையையோ மடித்த போர்வையையோ முழங்காலுக்கு அடியில் வைத்து மண்டியிடுங்கள். இரண்டு கையையும் இருக்கையில் ஊன்றி, நல்ல காலின் பாதத்தைத் தரையில் பதித்து, அழுத்தி எழுந்து, திரும்பி உட்காருங்கள். மண்டியிடவே முடியாதவர்கள் உட்கார்ந்தபடி பின்னால் நகர்ந்து மாடிப்படிக்குப் போய், கையை ஊன்றி முதல் படியில் உட்கார்ந்து, அடுத்த படி, அதற்கடுத்த படி என்று உயர்ந்து எழலாம்.

இதை விழும் முன்பே, பக்கத்தில் ஆள் இருக்கும்போது, கூடத்தில் பாய் விரித்து ஒரு முறை செய்து பாருங்கள். செல்போனைச் சின்னப் பையில் போட்டுக் கழுத்திலோ இடுப்பிலோ வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மேஜைமேல் சார்ஜில் கிடக்கும் போன், தரையில் கிடப்பவருக்கு எட்டாது.